மார்கழியில் எழும்பூருக்கும் வாருங்கள்

(அடையாற்றில் ஒரு மார்கழி மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழி மாலை ஆறு மணி. இந்த நேரத்தில் இந்த ஊரில் எத்தனை மேடைகளில் தம்பூராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள்! மயிலாப்பூரில் ஒன்று, தியாகராய நகரில் ஒன்று, இராயப்பேட்டையில் ஒன்று. இத்தனை கச்சேரிகளை விட்டுவிட்டு ஒரு பேச்சைக் கேட்க நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்றால், அதற்குத் தக்கதை நான் சொல்லியாக வேண்டும்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். நம் ஊர் அருங்காட்சியகங்களுக்கு ரசிகர்கள் வேண்டும். பார்வையாளர்கள் வந்து போகிறார்கள். மறுபடியும் மறுபடியும் வருகிற ரசிகர்கள் வேண்டும். அந்த ரசிகர்களை ஒன்று சேர்க்க மார்கழியையும் தையையும்விட நல்ல காலம் நமக்கு இல்லை.

முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். இந்த அவையில் ஏதாவது ஒரு சபாவில் உறுப்பினராக இருப்பவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி மண்டபம் கை தூக்குகிறது! சரி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு இந்த ஓராண்டில் இரண்டு முறையாவது போனவர்கள் யார் யார்? விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சபா என்பது எப்படி வந்தது? மன்னர் கட்டிக் கொடுத்ததா? அரசாங்கம் ஆணையிட்டு அமைத்ததா? இல்லை. சமஸ்தானங்களின் ஆதரவு மெலிந்த காலத்தில், வக்கீல்களும் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் சந்தா கட்டி உருவாக்கியது சபா. 1900-இல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது, அதையொட்டி ஓர் இசை மாநாடு. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி. 1929-இல் மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா. 1943-இல் தமிழ் இசைச் சங்கம். கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை விடும் மாதத்தில், வெயில் தணிந்த மாதத்தில், ஊரே கேட்க உட்கார்ந்தது.

உட்கார்ந்து என்ன செய்தது? ஒரே ராகத்தைப் பத்து வித்துவான்களிடம் கேட்டது. போன வருஷம் பாடியதையும் இந்த வருஷம் பாடியதையும் ஒப்பிட்டது. காலை வேளையில் செயல்முறை விளக்கம் வைத்துச் சண்டை போட்டது. சபா கேண்டீனில் தோசைக்குக் காத்திருக்கும்போதும் அதே பேச்சு. இப்படி வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊருக்குக் காது வந்தது.

கேட்கும் கூட்டம் கூடியிருந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1931-இல் மியூசிக் அகாடமியில் கல்யாணியின் புதல்வியர் சதிர் நடனம் ஆடினார்கள். பரம்பரையாக ஆடி வந்த குடும்பத்துப் பெண்கள். ஏற்பாடு செய்தவர் ஈ. கிருஷ்ண ஐயர். அன்று கூட்டம் குறைவு. அடுத்த ஆண்டு கடைசியில் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிய விவாதம். நம் அடையாற்றில் அவ்வை இல்லம் நடத்திய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எதிர்ப்பக்கம், கிருஷ்ண ஐயர் ஆதரவுப் பக்கம். 1933 ஜனவரி முதல் தேதி அதே பெண்கள் அதே அகாடமியில் மறுபடியும் ஆடியபோது கூட்டம் திரண்டது. ஆடியவர்கள் அவர்களேதான். ஊர் இதற்குள் பேசியிருந்தது, யோசித்திருந்தது, மறுபடியும் பார்க்க வந்திருந்தது. மறுபடியும் வருவது! நான் இன்று சொல்ல வந்த அத்தனையும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

அடையாற்றுக்காரர்களுக்கு இந்தப் பனிக்காலத்துக் கூட்டங்கள் புதியவை அல்ல. 1882 டிசம்பரில் பிரம்மஞான சபை பம்பாயிலிருந்து இந்த ஆற்றங்கரைக்குக் குடிவந்தது. 1886 டிசம்பரில் அடையாறு நூலகம் திறந்தது. 1935 டிசம்பரில், சபையின் வைர விழா மாநாட்டில், ருக்மிணி தேவி அருண்டேல் முதல்முறையாக மேடையேறி ஆடினார். அடுத்த வாரமே, 1936 ஜனவரியில், பின்னாளில் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்ற கலைப்பள்ளி பிறந்தது. மறு ஆண்டே அங்கே தறி ஓடத் தொடங்கியது. ஆட்டமும் நெசவும் ஒரே முற்றத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் கொள்கை. அந்த நிறுவனம் திருவான்மியூருக்குப் போய் அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் டிசம்பர் கடைசியில் கூத்தம்பலத்தில் கலைவிழா நடக்கிறது.

ஆக, காது பழகிய ஊர் இது. கண்ணும் அதே அளவு பழக வேண்டாமா?

வாருங்கள், எழும்பூருக்குப் போவோம். பாந்தியன் சாலை. 1851-இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, 1854-இல் எழும்பூருக்கு இடம் மாறிய அருங்காட்சியகம். முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். அதே வளாகத்தில் 1896-இல் கன்னிமாரா நூலகம், அதே ஆண்டில் மியூசியம் தியேட்டர், பிறகு 1909-இல் ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடம். அமராவதியின் சுண்ணாம்புக் கற்சிற்பங்கள் ஒரு கூடத்தில். ரவி வர்மாவின் ஓவியங்கள் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. ஒரே நாளில் பதினைந்து கச்சேரி கேட்பவர் யாராவது உண்டா?

இன்று நாம் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மட்டும் போகலாம். அங்கேயும் ஒரே ஒருவர் முன்னால் நிற்கலாம். திருவாலங்காட்டு நடராஜர்.

நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் திருவாலங்காடு இரத்தின சபை. அங்கே கிடைத்த இந்த நடராஜரை முதல்முறை பார்ப்பவர் ஒரு கணம் திகைப்பார். ஏனென்றால் நாம் அறிந்த நடராஜர் திருவாசிக்குள் ஆடுபவர். சுற்றிலும் தீச்சுடர்கள், இருபுறமும் விரிந்து பறக்கும் சடை. இவருக்குத் திருவாசி இல்லை. விரிசடையும் இல்லை. வளையமும் பறக்கும் சடையும் விலகியதும் உடல் மட்டும் நம்முன் நிற்கிறது. முயலகன் மேல் ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடங்கி மொத்தப் பாரத்தையும் தாங்குவதைப் பாருங்கள். தூக்கிய இடக்காலும் அதற்கு மேலே குறுக்காக வீசிய இடக்கையும் ஒரே திசையில் ஓடுவதைப் பாருங்கள். இத்தனை வேகத்துக்கு நடுவே முகத்தில் அசைவே இல்லை. பிறகு பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். கோவிலில் பட்டும் பூவும் சார்த்தி, தீபாராதனை வெளிச்சத்தில், முன்னால் நின்று மட்டுமே பார்க்கிறோம். அங்கே அவர் தெய்வம், அப்படித்தான் பார்க்க வேண்டும். சிற்பி செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்றால், முதுகெலும்பின் வளைவைப் பார்க்க வேண்டும் என்றால், எழும்பூருக்குத்தான் வரவேண்டும்.

இந்த உருவத்தின் புகைப்படங்கள் 1913-இல் பாரிஸில் ஒரு முதியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் பெயர் ஒகுஸ்த் ரொதான். ஐரோப்பாவின் மாபெரும் சிற்பி. இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. நேரில் பார்த்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்துப் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோணமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தோளையும் தொடையையும் உதட்டையும் பற்றித் தனித்தனியே எழுதினார். அவர் மறைந்த பின் 1921-இல் அது அச்சேறியது. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமியின் எழுத்தும், ஒரு காலத்தில் சென்னைக் கலைப்பள்ளியை நடத்திய ஹேவலின் எழுத்தும் அதே தொகுதியில் இடம்பெற்றன. நண்பர்களே, புகைப்படத்தை மட்டுமே பார்த்தவர் அத்தனை நேரம் பார்த்தார். அசலை ஒரு பஸ் தூரத்தில் வைத்திருக்கும் நாம் எத்தனை நேரம் பார்க்கிறோம்?

ஒரு முறை போதாது என்பதற்கு இன்னொரு சாட்சியும் அதே கூடத்தில் இருக்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரி. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் அம்மைக்கு ஒரே கை. மூன்று கைகள் கொண்ட உருவம், கண்ணுக்கு ஏன் கோணலாகத் தெரியவில்லை? இடுப்பை அந்தச் சிற்பி எந்தப் பக்கம் ஒடித்தான்? அந்த ஒற்றைக் கையை எங்கே தொங்கவிட்டு எடையைச் சமன் செய்தான்? இதற்கு என்னிடம் பதில் கேட்காதீர்கள். நேரில் நின்று நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு நாளில் பாதி தெரியும். அடுத்த முறை போகும்போது மீதி தெரியும்.

நமக்கு முந்தியவர்கள் இப்படி நின்று பார்த்திருக்கிறார்கள். 1932-இல் கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் இந்தத் திருமேனிகளுக்கு முழு அட்டவணை எழுதினார்கள். 1942-இல் சி. சிவராமமூர்த்தி அமராவதிச் சிற்பங்களுக்கு எழுதினார். ஒவ்வோர் ஆடை மடிப்பையும் ஒவ்வோர் அணிகலனையும் நின்று பார்த்து எழுதிய நூல்கள் அவை. அறிஞர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். ரசிகர்களின் வேலைதான் பாக்கி.

இப்போது நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கூட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். காணும் பொங்கலன்று போய்ப் பாருங்கள்! தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு நாளில் ஊர் முழுவதும், சுற்றுக் கிராமங்கள் முழுவதும் கடற்கரைக்கும் மியூசியத்துக்கும் மிருகக்காட்சிச் சாலைக்கும் புறப்பட்டு வந்திருக்கின்றன. பழைய சென்னைவாசிகள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிச் சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். மிருகக்காட்சிச் சாலையும் பால்ஃபரின் மியூசிய வளாகத்தில் தொடங்கியதுதானே! புதுத்துணி உடுத்தி, கட்டுச்சோறு கட்டி, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சீட்டு வாங்க வரிசையில் நின்று உள்ளே வருகிறார் ஒரு கொத்தனார். திமிங்கில எலும்பைக் காட்டுகிறார். வாளைக் காட்டுகிறார். செப்புத் திருமேனிக் கூடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றப் பார்க்கிறார், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அந்த மனிதருக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேச அங்கே யாரும் இல்லை. பத்து நிமிஷத்தில் கூட்டம் அவரை வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்த காணும் பொங்கலுக்குத்தான் அவர் வருவார்.

சபாவிலே மறுபடியும் மறுபடியும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லோரும் வருவதில்லை. மியூசியத்துக்கு எல்லோரும் வருகிறார்கள், மறுபடியும் வருவதில்லை. மார்கழியின் பழக்கமும் தையின் கூட்டமும் ஓரிடத்தில் சந்தித்தால் எப்படி இருக்கும்?

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1939-இல் போர் மூண்டதும் லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களையெல்லாம் குண்டுவீச்சுக்கு அஞ்சி வேல்ஸ் நாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டது. சுவர்கள் வெறுமை. இரவில் ஊரே இருட்டு. அந்த வெற்றுக் கூடத்தில் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் மதிய நேரக் கச்சேரிகளைத் தொடங்கினார். ஒரு ஷில்லிங் கட்டணம். திங்கள் முதல் வெள்ளி வரை, மதிய உணவு வேளையில். தட்டச்சுப் பெண்களும் சிப்பாய்களும் அலுவலகக் குமாஸ்தாக்களும் வரிசையில் நின்றார்கள். சாண்ட்விச் விற்க ஒரு கேண்டீனும் உண்டு. அந்தக் கேண்டீனுக்கே தனிப் புகழ் இருந்தது. குண்டு விழுந்த நாட்களில் அறை மாற்றி வாசித்தார்களே தவிர நிறுத்தவில்லை. 1946 வரை மொத்தம் 1,698 கச்சேரிகள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள்.

இசை கேட்க வந்தவர்களுக்கு ஓவியத்தின் ஏக்கம் வந்தது. 1942-இல் செய்தித்தாளில் ஒரு கடிதம்: எல்லாவற்றையும் கேட்கவில்லை, ஒன்றையாவது கொண்டுவந்து காட்டுங்கள் என்று. கொண்டுவந்தார்கள். மாதம் ஒரே ஓவியம். அந்த ஒன்றைப் பார்க்க வரிசை கட்டி வந்தார்கள். நூற்றுக்கணக்கில் தொங்கிய காலத்தில் கடந்துபோனவர்கள், ஒன்றே ஒன்று தொங்கிய காலத்தில் நின்று பார்த்தார்கள். எழும்பூர் விஷயத்தில் நமக்கு வேண்டிய பாடத்தை எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன செய்தி வேறில்லை.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி வரைந்து விற்ற பணத்தில் 1966-இல் நிலம் வாங்கி அமைத்த ஓவியர் கிராமம். இன்று சென்னை ஓவியர்களின் படைப்புகளுக்கு அங்கே நிரந்தரக் காட்சிக்கூடம் இருக்கிறது. இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996 டிசம்பரில் திறந்தது. செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய இடம். குயவரும் நெசவாளரும் உட்கார்ந்து வேலை செய்வதைக் குழந்தைகள் அருகே போய்ப் பார்க்கலாம். அடையாற்றிலிருந்து இரண்டும் ஒரே சாலையில்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மறுபடியும் மறுபடியும் வரும் ரசிகர்களை ஓர் உறுப்பினர் வட்டமாகச் சேர்க்கலாம்; ஆனால் உறுப்பினர் வட்டம் என்றதும் ஒரு வேலி எழும்பிவிடக் கூடாது. சபாக்களில் அந்த வேலி எழும்பியது. சந்தா கட்ட முடிந்தவர், முன்வரிசைக்காரர், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்று கூடம் சுருங்கியது. அதை மாற்றவேண்டும் என்று நினைத்தவர்கள் வெளியூரிலிருந்து வரவில்லை. நம் பக்கத்திலிருந்தே வந்தார்கள். 2015-இல், அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில், ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே தெருவில். சீட்டு இல்லை, வரிசை எண் இல்லை. அந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு எழும்பூர் நடராஜர் சொந்தமில்லையா? நம் வட்டத்தில் சேர அவர்கள் எவ்வளவு கட்ட வேண்டும்? ஒன்றும் கட்ட வேண்டாம் என்பது என் பதில். கட்ட முடிந்தவர் கட்டட்டும். கட்ட முடியாதவர் ஒரு நாள் வந்து வழிகாட்டட்டும். இருவருக்கும் ஒரே அட்டை.

சரி, இந்த மார்கழியில் என்ன செய்யலாம்? பெரிய விழா வேண்டாம். மேளதாளம் வேண்டாம். நான்கு காரியங்கள் போதும்.

மார்கழித் திருவாதிரை வருகிறது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். நம் வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும். அன்று அதிகாலை கோவிலுக்குப் போங்கள், களி சாப்பிடுங்கள், பத்து மணிக்கு எழும்பூர் வாசலுக்கு வந்துவிடுங்கள். திருவாலங்காட்டு நடராஜரையும், அதே கூடத்தில் இருக்கும் வேளாங்கண்ணி நடராஜரையும் பார்ப்போம். இரண்டே திருமேனிகள், ஒரு மணி நேரம். ஒரு நடனக் கலைஞர் வந்து அந்தக் கால்நிலையில் நின்று காட்டட்டும். எத்தனை நொடி அவரால் நிற்க முடிகிறது என்று பிள்ளைகள் எண்ணட்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. திருவாதிரை வெள்ளிக்கிழமையில் வந்தால் முந்தின நாளே கூடுவோம்.

இரண்டாவது, சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதியை அழைப்போம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிப்பதையும், காவிரி வண்டலைப் பூசிக் கருக் கட்டுவதையும் அவர் செய்து காட்டட்டும். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். ஆறியதும் கருவை உடைத்தாக வேண்டும். அதனால்தான் ஒரு திருமேனியைப் போல் இன்னொன்று இருக்காது. இதை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இன்னொரு விதமாக நிற்கும்.

மூன்றாவது, மியூசியம் தியேட்டரில் ஒரு மாலைக் கச்சேரி. நடராஜரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியின் பாடல்கள் மட்டும். கச்சேரிக்கு முன் கூடத்தில் தரிசனம், பிறகு பாட்டு. பழக்கப்பட்ட காது பழகாத கண்ணைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லட்டும்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் வேண்டியது. காணும் பொங்கல். அன்று நாம் பார்வையாளராகப் போகப் போவதில்லை. அருங்காட்சியகத்தாரிடம் முறைப்படி அனுமதி கேட்டு, அங்கே பணிபுரியும் காப்பாட்சியர்களிடம் பாடம் கேட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு சிலை பக்கத்தில் நிற்போம். சொற்பொழிவு வேண்டாம். தோளில் குழந்தையோடு வரும் அந்தக் கொத்தனாரிடம், ‘ஐயா, இந்தக் காலைக் கொஞ்சம் பாருங்க, மொத்தப் பாரமும் இதுமேலதான் நிக்குது’ என்று ஒரு வார்த்தை. பாரம் எங்கே இறங்கும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் திரும்பச் சொல்வதை நாமும் கேட்டுக்கொள்வோம். போகும்போது அவர் கையில் ஓர் அட்டை: மாசி மாதம் இந்த ஞாயிற்றுக்கிழமை, அர்த்தநாரி, உங்களுக்கும் பிள்ளைக்கும் இடம் இருக்கிறது என்று. அதன் பிறகு மாதம் ஒரு சிலை, ஆண்டு முழுவதும்.

மண்டபத்து வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் பெயரை எழுதுங்கள். கூடவே, எந்தெந்த மொழியில் உங்களால் பேச முடியும் என்பதையும் எழுதுங்கள். காணும் பொங்கலன்று தெலுங்கும் உருதும் இந்தியும் பேசும் குடும்பங்களும் வரும். சைகை மொழி அறிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அதையும் குறிப்பிடுங்கள். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை நிற்க முடிகிறவர்கள் ஒரு பக்கத்திலும், பிற்பகலில் நிற்க முடிகிறவர்கள் எதிர்ப்பக்கத்திலும் எழுதினால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வசதியாக இருக்கும். முதியவர்களுக்கு நாற்காலி ஏற்பாடு செய்ய அனுமதி கேட்போம்.